மெஷினில் 214, லேப்பில் 171: எதை நம்புவது?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. பத்து வருஷமாகச் சர்க்கரை நோய்; மாத்திரை சாப்பிடுகிறார். சென்ற வாரம் ஊரில் உள்ள லேப்பில் வெறும் வயிற்றில் 112, சாப்பிட்ட பிறகு 171 என்று வந்தது. அதே நாளில் வீட்டு மெஷினில் 127, 214. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 7.9. ரத்தசோகையும் இருக்கிறது, ஹீமோகுளோபின் 8.6. மெஷின் பழுதா, லேப் தவறா? புது மெஷின் வாங்கிவிடலாமா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: புது மெஷினுக்கு அவசரப்படாதீர்கள். இந்த எண்களைப் பார்த்தால் மெஷினும் லேப்பும் இரண்டுமே ஒழுங்காக வேலை செய்திருக்க வாய்ப்பு உண்டு.

முதலில் வெறும் வயிற்று அளவு. வீட்டு மெஷின்களுக்கான சர்வதேசத் தர விதி ஐஎஸ்ஓ 15197. 2013-ல் வந்த அதன் திருத்தம் இப்படிச் சொல்கிறது: சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் லேப் அளவிலிருந்து 15 மி.கி. வரையிலும், 100-ம் அதற்கு மேலும் என்றால் 15 சதவீதம் வரையிலும் மெஷின் விலகலாம். நூறு முறை பார்த்தால் தொண்ணூற்றைந்து முறையாவது இந்த எல்லைக்குள் நிற்க வேண்டும். 112-க்கு 15 சதவீதம் சுமார் 17. உங்கள் மெஷின் விலகியது 15. எல்லைக்குள்தான் இருக்கிறது.

சாப்பிட்ட பிறகு வந்த 43 வித்தியாசம்தான் உங்களைப் பயமுறுத்தியிருக்கும். லேப்பில் எடுப்பது கை மடிப்பில் உள்ள சிரை ரத்தம். விரலில் குத்தி எடுப்பது நுண்குழாய் ரத்தம். சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தசைகள் இழுத்துக்கொள்கின்றன. தசைக்குள் போகும் முன் இருக்கிற ரத்தத்தைத்தான் விரல் நுனி பெரும்பாலும் காட்டுகிறது. தசையைக் கடந்து வந்த ரத்தம் சிரையில் இருக்கிறது. அதனால் சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்தில் விரல் ரத்தம் 20, 25 மி.கி. கூடக் காட்டுவது இயல்பு, சிலருக்கு அதற்கும் மேலே போகும். வெறும் வயிற்றில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். ஆகவே மெஷினைச் சோதிக்க நினைத்தால் சாப்பிட்ட பிறகு ஒப்பிடவே கூடாது.

லேப் எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க முடியாது. குழாய்க்குள் போன பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கின்றன. அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். இதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் ஃபுளோரைடு சேர்க்கிறார்கள். ஆனால் அதுவும் போட்ட உடனே வேலை செய்வதில்லை; முதல் ஓரிரு மணி நேரம் இழப்பு நடந்துகொண்டுதான் இருக்கும். காலை ஏழு மணிக்குக் கிளை மையத்தில் எடுத்த குழாய், வண்டியில் டவுனுக்குப் போய்ப் பத்து மணிக்கு இயந்திரத்தில் ஏறினால், உண்மையில் 118 இருந்தது 112 ஆகியிருக்கலாம். உங்கள் லேப்பில் கேளுங்கள்: ரத்தத்தை இங்கேயே பரிசோதிக்கிறீர்களா, வேறு இடத்துக்கு அனுப்புகிறீர்களா, எத்தனை மணி நேரத்தில் ரத்த அணுக்களைப் பிரித்தெடுக்கிறீர்கள்? இதைக் கேட்பது நோயாளியின் உரிமை. நல்ல லேப் முகம் சுளிக்காமல் பதில் சொல்லும்.

இனி வீட்டுப் பக்கம். வீட்டில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை மெஷினில் இல்லை, விரலில் இருக்கின்றன. போன மே மாதம் என் மாமியாருக்குச் சாயங்காலம் 318 என்று காட்டியது. அவர் எதையும் சாப்பிட்டிருக்கவில்லை. கையைப் பிடித்துப் பார்த்தால் நகக்கண்ணில் மஞ்சள் கறை. பேரப் பிள்ளைகளுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, வேறு விரலில் குத்திப் பார்த்தோம்: 163.

மெஷினில் செருகும் ஒரு ஸ்ட்ரிப் உறிஞ்சுவது சுமார் அரை மைக்ரோலிட்டர் ரத்தம். சர்க்கரை 100 இருக்கும்போது அந்தத் துளிக்குள் இருக்கும் குளுக்கோஸ் அரை மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமை இருபது லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. விரலில் ஒட்டியிருக்கும் பழச்சாறு கண்ணுக்கே தெரியாவிட்டாலும் இந்தக் கணக்கைக் கவிழ்த்துவிடும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பழச்சாறு அதில் முழுதாகப் போவதில்லை, தண்ணீர்தான் போக்கும். கழுவிய பின் ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்து அளவு குறையும். விரலைப் பிதுக்கிப் பிதுக்கி எடுத்தாலும் திசு நீர் கலந்துவிடும். கையைத் தொங்கவிட்டு, வெதுவெதுப்பான நீரில் கழுவினாலே ரத்தம் தானாக வரும்.

ஸ்ட்ரிப் டப்பாவை அடுப்பங்கரையிலோ ஃப்ரிட்ஜிலோ வைக்காதீர்கள். பெரும்பாலான ஸ்ட்ரிப்களுக்கு 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும்; சித்திரை வெயிலில் நம் வீடுகள் அதைத் தாண்டிவிடும், எனவே வீட்டின் குளிர்ந்த மூலையைத் தேடி வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு நாலு ஸ்ட்ரிப்பைப் பாலிதீன் கவரில் போட்டுக் கொடுப்பதும் வேண்டாம், ஈரக்காற்று பட்டதும் அதிலுள்ள நொதி கெட்டுவிடும். டப்பாவைத் திறந்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஹீமோகுளோபின் 8.6 என்ற எண். ரத்தத்தில் சிவப்பணு குறைந்தால், ஸ்ட்ரிப்பில் சர்க்கரை உண்மையை விடக் கூடுதலாகத் தெரியும். இப்போது வரும் சில மெஷின்கள் இதைத் தாமே சரிசெய்துகொள்கின்றன. எல்லாம் அப்படி இல்லை. ஸ்ட்ரிப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் ஹீமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற அளவு) எல்லை அச்சிட்டிருக்கும். ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் தோராயமாக ஹீமடோக்ரிட் வரும். அம்மாவுக்கு 26 சதவீதம். தாளில் 30 முதல் 55 என்று இருந்தால் அந்த மெஷின் இப்போதைக்கு அம்மாவுக்குப் பொருந்தாது. 20-லிருந்து தொடங்கினால் பயன்படுத்தலாம். மெஷினை மாற்றுவது பற்றிய முடிவை அந்தத் தாளைப் படித்த பிறகு எடுங்கள்.

சரிபார்க்கும் முறை இது. அடுத்த முறை வெறும் வயிற்றில் லேப்புக்குப் போகும்போது மெஷினையும் கையோடு கொண்டுபோங்கள். அங்கேயே கை கழுவி, சிரையில் ரத்தம் எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் விரலில் குத்திப் பாருங்கள். குழாயிலுள்ள ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் தொடாதீர்கள். அதில் கலந்த மருந்து அளவைக் கெடுக்கலாம். இப்படி இரண்டு மூன்று தடவை பார்த்து, ஒவ்வொரு முறையும் 15 சதவீதத்துக்கு மேல் ஒரே பக்கமாக விலகினால்தான் மெஷினைச் சந்தேகிக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எண்ணுக்காகக் காத்திருக்காதீர்கள். 15 மி.கி. விலகல் 200-ல் பெரிதில்லை. 70-க்குப் பக்கத்தில் அது ஆபத்து. மெஷின் 78 காட்டும்போது உண்மை 63 ஆக இருக்கலாம். அம்மாவுக்கு வியர்த்து, கை நடுங்கி, படபடத்தால் மெஷின் 80 காட்டினாலும் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

எச்பிஏ1சி 7.9 என்றால் சராசரி சர்க்கரை சுமார் 180 என்று கணக்கு. ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் வந்த ரத்தசோகையில் இந்த எண்ணும் உண்மையை விடக் கூடியே வரும். இரும்பு மாத்திரை தொடங்கிப் புது சிவப்பணுக்கள் உருவாகும்போது, சர்க்கரை மாத்திரையை மாற்றாமலே இது இறங்கும். சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்று அப்போது மாத்திரையை நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள். ரத்தசோகைக்குக் காரணம் கண்டுபிடிக்கச் சொல்லி, இரும்பு தொடங்கிய தேதியையும் குறித்துவைத்து, வீட்டு அளவுகள் எழுதிய நோட்டோடு டாக்டரிடம் காட்டுங்கள். எச்பிஏ1சி-யை நம்ப முடியாத இந்த மாதங்களுக்கு ஃப்ரக்டோசமைன் பரிசோதனை உதவுமா என்றும் அவரிடமே கேளுங்கள். அது சிவப்பணுவைச் சார்ந்திராமல் இரண்டு மூன்று வாரச் சராசரியைச் சொல்லும்.