கட்டைக்குள் எதை நிரப்புவது?

கேள்வி: 10 மீட்டர் போட்டிக்கான பழைய ஏர் ரைஃபிள் ஒன்று என்னிடம் இருக்கிறது. மரக்கட்டை கைப்பிடி அருகே விண்டுவிட்டது. அதையே அச்சாக வைத்து, எபாக்சியும் ஃபைபர் துணியும் போட்டு இரண்டு பாதியாக ஓடு எடுத்துவிட்டேன். உள்ளே நிரப்பக் கார் பட்டியே போதும் என்கிறார் ஒரு கடைக்காரர். இன்னொருவர் 'மைக்ரோ பலூன்' என்று ஒரு வெள்ளைப் பொடியைக் காட்டினார், விலை மலைக்க வைக்கிறது. எதை வாங்க? (வாசகர், கோவை)

பதில்: வாங்குமுன் உள்ளே எவ்வளவு இடம் என்று அளந்துவிடுங்கள். இரண்டு பாதியிலும் மெல்லிய பாலிதீன் தாளை விரித்துத் தண்ணீர் ஊற்றி, அதை அளவுக் குவளையில் வடித்துப் பாருங்கள். மொத்தம் 1.2 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். கார் பட்டியில் பாலியஸ்டர் ரெசினோடு டால்க் பொடி நிறைய இருக்கும். தண்ணீரைவிட ஒன்றே முக்கால் மடங்கு கனம் என்றாலும் நிரப்பினதுமே 2 கிலோவைத் தாண்டும். போட்டி விதிப்படி ரைஃபிள் மொத்தமே 5.5 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. போதாக்குறைக்கு, காய்ந்த எபாக்சி மேல் பாலியஸ்டர் பட்டி சரியாகப் பிடிக்காது. அது மெல்லிசாக இழுத்துப் பூசும் சரக்கு, குழி நிரப்புவதற்கல்ல.

மைக்ரோ பலூன் என்பது உள்ளீடற்ற நுண்ணிய கண்ணாடிக் குமிழிகள். எபாக்சியில் கலந்துதான் நிரப்ப வேண்டும். கிலோ விலையைக் கேட்டு மலைக்காதீர்கள். ஒரு கிலோவே அரை பக்கெட் வரும், உங்களுக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. ஆகவே லிட்டருக்கு என்ன விலை என்று கணக்குப் போடுங்கள். வாங்குவது அசல்தானா என்பதற்கு ஒரு சின்னச் சோதனை: கண்ணாடி டம்ளரில் தண்ணீரும் ஒரு சொட்டு பாத்திர சோப்பும் விட்டு, ஒரு சிட்டிகைப் பொடியைப் போட்டுக் கலக்குங்கள். குமிழி மேலே மிதந்து நிற்கும், சாக் பவுடரும் டால்க்கும் அடியில் படியும். அடியில் படிந்ததன் மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் சாக் பவுடர் நுரைக்கும், டால்க் சும்மா கிடக்கும். கடையிலேயே செய்து பார்க்கலாம், முகம் சுளித்தால் வேறு கடை.

ஆனால் குமிழியையே எல்லா இடத்திலும் போட்டுவிடாதீர்கள். காய்ந்தபின் உப்புத்தாள் பட்டால் சோப்புக்கட்டி மாதிரி தேயும். அந்த மென்மைதான் அதன் குணம், அதுவே அதன் குறையும். ரைஃபிளைக் கட்டையோடு இறுக்கும் ஸ்க்ரூ இறங்கும் இடத்தில் அது நசுங்கிவிடும். அங்கே ஸ்க்ரூ நுழையும் அளவுக்கு அலுமினியக் குழாய்த் துண்டை நிறுத்தி, சுற்றிலும் எபாக்சியில் கண்ணாடி இழைத் துணுக்குகளும் கொஞ்சம் ஏரோசிலும் (மிக நுண்ணிய சிலிக்கா பொடி) கலந்து அடையுங்கள். இழையைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம், உங்களிடம் மீந்த துணியைக் கத்தரியால் பொடிப்பொடியாக நறுக்கினால் போதும். ஏரோசில் எடையைக் குறைக்காது, வழிந்தோடாமல் நிறுத்தி வைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. இரும்புப் பாகம் படும் இடத்திலெல்லாம் மெழுகு பாலிஷ் தேய்க்க மறந்தால், ரைஃபிளும் கட்டையும் பிரியாத ஜோடி ஆகிவிடும்.

பின்பக்கம், அதாவது தோளில் அணையும் பகுதி, நிரம்பியே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? நான் அதைக் காலியாகத்தான் விடுவேன். கையில் எடுத்துப் பார்த்து முன்பக்கம் கனமாகத் தெரிந்தால் பிறகு எடைக்கட்டி வைத்துக்கொள்ளலாம். காலியாக விட்டால் தட்டும்போது டொக்கென்று ஒலிக்கிறதே என்று மனம் கேட்காவிட்டால் தெர்மோகோலை வெட்டிச் செருகுங்கள். எபாக்சி அதைக் கரைக்காது. பாலியஸ்டர் ரெசின் பட்டால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்து போகும்.

கலக்கும் முறை: எபாக்சியையும் ஹார்டனரையும் டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்தில் முதலில் நன்றாகக் கலக்குங்கள், பொடி அப்புறம். கெட்டியான இட்லி மாவுப் பதம் வந்தால் நிறுத்திவிடலாம். சீக்கிரம் இறுக வேண்டும் என்று ஹார்டனரைக் கூட்டிவிட்டால் இறுகாமல் பிசுபிசுத்தபடியே நிற்கும். ஒரேயடியாக அரை லிட்டர் கலக்கவும் கூடாது. ஒரு முறை அவசரப்பட்டுப் பிளாஸ்டிக் மக்கில் அப்படிக் கலந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் புகை, மக்கின் அடி உருகித் தரையில் ஒட்டிக்கிடந்தது. மூன்று நான்கு தடவையாகக் கலந்து, முந்தையது ஆறிய பிறகு அடுத்ததை ஊற்றுங்கள். பொடி கொட்டும்போதும் உப்புத்தாள் போடும்போதும் என்95 மாஸ்க் வேண்டும், கைக்குட்டை போதாது.

கேள்வி: வேறொரு வேலையில் பாலியஸ்டர் ரெசின், கோபால்ட், கேட்டலிஸ்ட் மூன்றும் மீந்துவிட்டன. ஒரே அலமாரியில் வைக்கலாமா? (வாசகி, சேலம்)

பதில்: கூடாது. கோபால்ட் ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் திரவம், கேட்டலிஸ்ட் அதை இறுக வைக்கும் பெராக்சைடு. இரண்டும் நேரடியாகக் கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். வேலை செய்யும்போதும் கோபால்ட்டை ரெசினில் முழுதாகக் கலந்த பிறகே கேட்டலிஸ்ட்டைத் தொட வேண்டும். கேட்டலிஸ்ட்டைத் தனியாக, வெயில் படாத குளிர்ந்த இடத்தில், வாங்கிய அதே பிளாஸ்டிக் பாட்டிலில் வையுங்கள். தண்ணீர் பாட்டிலில் மாற்றி ஊற்றிவிடாதீர்கள்.