பெட்டி நிறையப் பொம்மைத் தலைகள். முழுப் பொம்மை எப்போது?

கேள்வி: பாலிமர் களிமண்ணில் (ஓவனில் சுட்டால் இறுகும் பிளாஸ்டிக் களிமண்) தலையும் கைகளும், துணியில் உடலுமாக ஒரு கலைப்பொம்மை செய்ய இரண்டு வருடங்களாக முயல்கிறேன். ஒரு முறை முகம் கோணலாகிவிடுகிறது. இன்னொரு முறை கழுத்தில் விரிசல், பிறகு விரல் ஒடிகிறது. ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குகிறேன். பெட்டியில் ஆறு தலைகள் இருக்கின்றன, பொம்மை என்று ஒன்றுகூட இல்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஏழாவது தலையைத் தொடங்காதீர்கள். இருக்கும் ஆறில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முகம் அழகாக இருப்பதைவிடக் கழுத்து உறுதியாக இருப்பதுதான் முக்கியம். மூக்கையும் கன்னத்தையும் பிறகு திருத்திக்கொள்ளலாம். கழுத்து பலவீனமான தலையோ, உடலோடு சேர்த்துத் தைத்த பிறகு கையோடு வந்துவிடும்.

ஆறு தலைகளுக்கு ஓர் உடல்கூட இல்லை என்பதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது. மொட்டைத் தலையை மட்டும் பார்த்தே ஒவ்வொரு முகத்தையும் ஒதுக்கியிருக்கிறீர்கள். முடியும் புருவமும் இல்லாமல், கழுத்துக்குக் கீழே எதுவும் இல்லாமல் இருக்கும் முகம் யாருக்கும் பிடிக்காது. நெற்றி அகலமாகத் தெரியும், காது துருத்திக்கொண்டு நிற்கும். கொஞ்சம் கம்பளி நூலைத் தலைமேல் போட்டு, கழுத்தைச் சுற்றி ஒரு துணித்துண்டைக் கட்டி, கண்ணாடியில் பாருங்கள். ஆறில் குறைந்தது இரண்டு தேறிவிடும்.

கோணல் அப்போதும் தெரிந்தால், அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். உச்சந்தலை உங்கள் பக்கம் வரும்படி பிடித்து, நெற்றி வழியாகக் கீழ்நோக்கிப் பாருங்கள். ஒரு கன்னம் முன்தள்ளியிருப்பதும், ஒரு கண் உள்வாங்கியிருப்பதும் நேராகப் பார்க்கும்போது பிடிபடாது, இந்தக் கோணத்தில் உடனே தெரியும்.

சுட்ட பிறகு முகத்தைத் தொடக்கூடாது என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாலிமர் களிமண்ணுக்கு அப்படி ஒரு விதியே இல்லை. சுட்டதைக் கத்தியால் செதுக்கலாம், உப்புத்தாளால் தேய்க்கலாம், மேலே புதுக் களிமண் வைத்து மறுபடியும் சுடலாம். ஒட்ட வேண்டிய இடத்தைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, ஆல்கஹாலால் துடைத்து, திரவப் பாலிமர் களிமண்ணை மெல்லியதாகத் தடவிய பிறகு புதுக் களிமண்ணை வையுங்கள். விரிசலை அடைப்பதற்கும் இதே முறைதான்.

ஆனால் விரிசல் ஏன் வந்தது என்று தெரியாமல் அடைத்தால், அடுத்த சூட்டில் பக்கத்திலேயே இன்னொன்று கிளம்பும். பெரும்பாலும் உள்ளே காற்று இருந்திருக்கும், அல்லது களிமண் ஓரிடத்தில் தடியாகவும் ஓரிடத்தில் மெல்லியதாகவும் இருந்திருக்கும். உள்ளே வைக்கும் அலுமினியத் தாள் உருண்டையைத் தட்டித் தட்டிக் கல் போல இறுக்க வேண்டும். அதன்மேல் களிமண் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே கனமாக இருக்கட்டும். வெப்பநிலை பிராண்டுக்குப் பிராண்டு மாறும். 110 டிகிரி செல்சியஸில் சுட வேண்டியதும் உண்டு, 130 டிகிரி கேட்பதும் உண்டு. உறையில் எழுதியிருப்பதே கணக்கு. ஓவனின் திருகு காட்டும் எண்ணை நம்பாமல் உள்ளே ஒரு தனி வெப்பமானி வையுங்கள். சுட்டு முடிந்ததும் கதவைத் திறக்காமல் அப்படியே ஆறவிடுங்கள். சூடான தலை சட்டென்று குளிர்ந்த காற்றுக்கு வந்தால் விரிசல் விடக்கூடும். சூடு மிஞ்சினால் களிமண் கருகிக் காரமான புகை வரும், அதைச் சுவாசிக்கக் கூடாது.

இனி முகத்தை மூடி வைத்துவிட்டு உடலுக்கு வாருங்கள். தலையை அளந்து, அந்த அளவை வைத்தே மொத்த உயரத்தைக் காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். பெரியவர் உருவம் என்றால் ஏழு, ஏழரைத் தலை உயரம். சிறு குழந்தை என்றால் நான்கு அல்லது ஐந்து. இயல்பு மீறிய உருவம்தான் உங்கள் விருப்பம் என்றால் இந்தக் கணக்கைத் தாராளமாக மீறலாம், ஆனால் தெரிந்து மீறுங்கள். கை மட்டும் எப்போதும் சிறியதாகவே அமைந்துவிடுகிறது. மோவாயிலிருந்து நடுநெற்றியைத் தாண்டி எட்டும் அளவுக்கு அது இருக்க வேண்டும்.

இரண்டு கைகளையும் ஒரே அமர்வில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள். ஒவ்வொரு விரலுக்குள்ளும் மெல்லிய கம்பி ஒன்று போக வேண்டும், ஐந்தையும் மணிக்கட்டில் சேர்த்து முறுக்கிவிடுங்கள். வெறும் கம்பியில் களிமண் ஒட்டாது, விரல் கம்பியின்மேல் சுழலும். கம்பியில் வெள்ளைப் பசையைத் தடவிக் காயவிட்ட பிறகு களிமண் ஏற்றினால் பிடித்துக்கொள்ளும்.

தலையும் உடலும் சேரும் இடம்தான் பலர் பாதியில் கைவிடும் இடம். கழுத்தின் அடியில் சுற்றிலும் ஒரு பள்ளம் வேண்டும். துணியை அதன்மேல் இழுத்து, கெட்டி நூலைப் பள்ளத்தில் பல சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டால் தலை கழன்று வராது. உங்கள் தலைகளில் பள்ளம் இல்லை என்றால் இப்போதும் செதுக்கலாம், அல்லது கீழே ஒரு விளிம்பு சேர்த்துச் சுடலாம். மணிக்கட்டுக்கும் இப்படியே. பஞ்சை நீங்கள் நினைப்பதைவிட இறுக்கமாக அடையுங்கள். கழுத்திலிருந்து மார்பு வரை ஒரு மரக்குச்சி இறங்கியிருந்தால் தலை தொங்காது.

உடலோடு சேர்ந்த பிறகுதான் வண்ணம். ஒதுக்கிய ஐந்து தலைகளும் இங்கே பயன்படும், முதலில் அவற்றில் தீட்டிப் பாருங்கள். அக்ரிலிக் வண்ணத்தை நீர்த்த அடுக்குகளாகப் பூசுங்கள், ஒரே பூச்சில் முடிக்கப் பார்த்தால் முகமூடி போலாகிவிடும். கருவிழியின் மேல்பகுதி சற்றே இமைக்குள் மறைய வேண்டும். முழு வட்டமாக வரைந்தால் பொம்மை திகைத்து விழிக்கும். ஒளிப்புள்ளி இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம். ஸ்ப்ரே வார்னிஷ் வேண்டாம், சில வகை பாலிமர் களிமண்ணின் மேல் காயாமல் பிசுபிசுவென்றே நின்றுவிடும். தூரிகையால் பூசும் நீர் வார்னிஷ் போதும். பளபளப்பு கண்ணுக்கும் கீழுதட்டுக்கும் மட்டும்.

தலையில் முடி ஒட்டுவதற்கு முன்பே உடையைப் போட்டுவிடுங்கள், தலைவழி மாட்டும்போது ஒட்டிய முடி கலைந்துவிடும். துணிக்கால் பொம்மை தானாக நிற்காது, தாங்கிக் கம்பி தேவைப்படும். அந்தத் தலைவலி முதல் பொம்மைக்கு எதற்கு? உட்காரும் உருவமாகவே வையுங்கள். இடுப்புக்குள் சிறு கூழாங்கற்களைத் துணிப்பையில் கட்டி வைத்துத் தைத்தால் சாயாமல் இருக்கும்.