தென்மேற்கு மூலை: வாசகர் கேள்வி – பதில்

கல்லூரி மாணவி, குன்னூர்: 2024 செப்டம்பர் 10 அன்று கமலா ஹாரிஸும் டொனால்டு டிரம்பும் மோதிய விவாதத்தைப் பற்றி வகுப்பில் பேச்சு வந்தது. ஹாரிஸ் ஜெயித்தார் என்றது அமெரிக்காவின் சி.என்.என். டிவி எடுத்த கருத்துக்கணிப்பு. என் செல்போனுக்கு வந்த இணைய ஓட்டெடுப்பில் டிரம்ப்தான் எங்கோ முன்னால் இருந்தார். இதில் யார் பொய் சொல்கிறார்கள்?

யாரும் பொய் சொல்லாமலே இரண்டு விதமாகவும் வரும் அம்மா. இதைச் சொல்ல அமெரிக்கா வரைக்கும் போக வேண்டாம், குந்தா பக்கம் ஓர் உருளைக்கிழங்குத் தோட்டம் போதும்.

நான் புள்ளியியல் துறையில் வேலை பார்த்தபோது பயிர் அறுவடைப் பரிசோதனை என்று ஒன்று செய்வோம். விளைச்சல் எவ்வளவு என்று தெரிய எல்லாத் தோட்டத்தையும் தோண்ட முடியுமா? அதனால் எந்த சர்வே நம்பர் என்பதைச் சமவாய்ப்பு எண் அட்டவணை (யார் விருப்பமும் கலக்காமல் குலுக்கிப்போட்ட மாதிரி இருக்கும் எண்களின் பட்டியல்) சொல்லும். தோட்டத்துக்குப் போனதும் தென்மேற்கு மூலையில் நிற்போம். மறுபடி அட்டவணையைப் பார்த்து, நீளத்தில் இத்தனை எட்டு, அகலத்தில் இத்தனை எட்டு என்று நடப்போம். போய் நின்ற இடத்தில் முளை அடித்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருக்கும் கிழங்கை மட்டும் தோண்டி நிறுப்போம். (இந்தப் பகுதிக்கு ஏன் இந்தப் பெயர் என்று கேட்டவர்களுக்கும் பதில் சொல்லியாயிற்று.)

கயிறு கட்டும் நேரத்தில்தான் வேடிக்கை ஆரம்பிக்கும். தோட்டக்காரர் வந்து கையைப் பிடிப்பார். "சார், அங்க வேண்டாம், மேட்டுல பாருங்க, கிழங்கு ஒவ்வொண்ணும் கைக்கு அடங்காது" என்பார். பயிர் இன்சூரன்ஸ் வந்த பிறகு அதே மனிதர் என்னைப் பள்ளத்துக்கு இழுத்தார். "இங்க பாருங்க சார், பூராவும் கருகல்." மேட்டுக் கிழங்கும் நிஜம், பள்ளத்துக் கருகலும் நிஜம். ஆனால் இடத்தை அவர் காட்டிவிட்டால், என் நோட்டில் ஏறுவது அவர் ஆசை, விளைச்சல் அல்ல. டீ போட்டுக் கொடுத்துக்கூடப் பார்த்தார். டீயைக் குடித்துவிட்டு அட்டவணை சொன்ன இடத்திலேயே முளை அடித்தேன்.

இணைய ஓட்டெடுப்பு என்பது தோட்டக்காரர் கைகாட்டிய இடம். யாருக்கு வேகம் இருக்கிறதோ அவர் வந்து அமுக்குகிறார், நண்பர்களையும் கூட்டி வருகிறார், சில இடங்களில் ஒருவரே நாலு தடவை அமுக்கலாம். சி.என்.என். கணிப்பில் வாக்காளர் தானாக நுழைய முடியாது. முன்பே சமவாய்ப்பில் பிடித்துவைத்த ஆட்களில் விவாதம் பார்த்த 605 பதிவு பெற்ற வாக்காளர்களிடம் குறுஞ்செய்தியில் கேட்டார்கள். ஹாரிஸ் 63 சதவீதம், டிரம்ப் 37. பிழை வரம்பு, அதாவது கொஞ்சம் பேரை மட்டும் கேட்டதால் கணக்கு முன்பின் ஆகக்கூடிய அளவு, ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேலே. யார் நன்றாகப் பேசுவார் என்று விவாதத்துக்கு முன்னால் கேட்டபோது இதே ஆட்கள் பாதிக்குப் பாதி பிரிந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

"605 பேர் எங்கே, லட்சக்கணக்கில் விழுந்த ஓட்டு எங்கே?" என்று அடுத்து கேட்பீர்கள். 1980-இல் கார்ட்டர் – ரீகன் விவாதம் முடிந்த கையோடு ஏ.பி.சி. டிவி இரண்டு டெலிபோன் நம்பர்களைத் திரையில் போட்டது, ஆளுக்கொரு நம்பர். ஒரு கால் 50 சென்ட். காசு செலவழித்துச் செய்த கால்கள் சுமார் 7 லட்சம், ரீகனுக்கு இரண்டு பங்கு, கார்ட்டருக்கு ஒரு பங்கு. காசும் பொறுமையும் உள்ளவர்களின் கணக்கு அது. ரீகன் அந்தத் தேர்தலில் ஜெயித்தார் என்பது வேறு விஷயம். ஜெயிக்காமல் போன கதை 1936 அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் இருக்கிறது. லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை டெலிபோன் டைரக்டரி, கார் பதிவு மாதிரியான பட்டியல்களிலிருந்து விலாசம் எடுத்து 1 கோடி பேருக்குச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. லாண்டன் 57 சதவீதத்தோடு ஜெயிப்பார் என்று எழுதினார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். பொருளாதார மந்தக் காலத்தில் போனும் காரும் வைத்திருந்தவர்கள் யார், சீட்டை நிரப்பித் தபாலில் போட மெனக்கெட்டவர்கள் யார் என்று யோசித்தால் விடை தெரியும். தப்பான தோட்டத்தில் எத்தனை மூட்டை தோண்டினாலும் அந்தத் தோட்டத்துக் கிழங்குதான்.

சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி: சி.என்.என். டிரம்புக்கு ஆகாத டிவி என்று ஊருக்கே தெரியும். அவர்கள் எடுத்த கணிப்பை எப்படி நம்புவது?

சந்தேகம் வேண்டியதுதான் அண்ணா. இலைக்கு விலை போடுகிறவரே தராசையும் பிடித்தால் நாம் கிட்டே போய் முள்ளைப் பார்க்க மாட்டோமா? ஆனால் முள்ளைப் பார்த்த பிறகு பேச வேண்டும்.

அதே 2024, ஜூன் 27. அட்லாண்டாவில் பைடனும் டிரம்பும் நேருக்கு நேர். நடத்தியதும் சி.என்.என்., பிறகு கணிப்பு எடுத்ததும் சி.என்.என். முடிவு: டிரம்ப் 67, பைடன் 33. அடுத்த மாதம் 21-ஆம் தேதி பைடன் போட்டியிலிருந்தே விலகினார். டிரம்புக்கு ஆகாத தராசு என்றால் அன்றைக்கும் சாய்ந்திருக்க வேண்டும். 2012-இல் ஒபாமாவும் ராம்னியும் டென்வரில் முதல் தடவை மோதியபோதும் இதே டிவியின் கணிப்பு ராம்னிக்கு 67, ஒபாமாவுக்கு 25 என்றது.

நான் சந்தேகப்படுவது வேறு இடத்தில். 2016 செப்டம்பரில் ஹிலாரி கிளின்டன் – டிரம்ப் முதல் விவாதம். கிளின்டன் 62, டிரம்ப் 27. கேட்கப்பட்ட 521 பேரில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் 41 சதவீதம், குடியரசுக் கட்சிக்காரர்கள் 26 சதவீதம். டிரம்ப் ஆட்கள் இதைப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். இந்தக் கணக்கை வெளியே சொன்னதே சி.என்.என்.தான், அதனால் மோசடி என்று சொல்ல எனக்கு மனசு வராது. அன்று ராத்திரி டிவி முன்னால் அதிகம் உட்கார்ந்தது அந்தக் கட்சிக்காரர்கள் என்றால் கணிப்பும் அப்படித்தான் வரும். அது விவாதம் பார்த்தவர்களின் படம், நாட்டின் படம் அல்ல. தலைப்பில் "மக்கள் தீர்ப்பு" என்று போடுகிறார்களே, கோளாறு அங்கே இருக்கிறது.

இன்னொன்று. 'யார் ஜெயித்தார்?' என்ற கேள்வியே அரைகுறை. முக்கால்வாசிப் பேர் தன் கட்சிக்காரர்தான் ஜெயித்தார் என்பார்கள். மிச்சம் இருப்பவர்கள் மனசாட்சிக்குப் பயந்து எதிராளி நன்றாகப் பேசினார் என்று ஒத்துக்கொள்வார்கள், ஓட்டை மட்டும் மாற்ற மாட்டார்கள். 1984-இல் முதல் விவாதத்தில் மாண்டேல் நன்றாகச் செய்தார் என்றார்கள், தேர்தலில் ரீகன் 49 மாநிலங்களை எடுத்தார். ராம்னி தோற்றார். 63 வாங்கிய ஹாரிஸும் நவம்பரில் தோற்றார். பேச்சுப்போட்டியில் கப் வாங்கின பையன் வார்டு தேர்தலில் டெபாசிட் இழந்ததை நம் பக்கமும் பார்த்திருக்கிறோம்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், ஊட்டி: 1960-இல் கென்னடி – நிக்சன் விவாதத்தை ரேடியோவில் கேட்டவர்கள் நிக்சன் ஜெயித்தார் என்றும் டிவியில் பார்த்தவர்கள் கென்னடி என்றும் சொன்னார்களாமே?

சார், இந்தக் கதையை நானே பயிற்சி வகுப்புகளில் பல தடவை சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். நிக்சன் முட்டி வலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, முகம் வெளிறி, ஒழுங்காக மேக்கப்பும் போடாமல் வந்து நின்றது உண்மை. ஆனால் ரேடியோ சமாசாரத்துக்கு ஆதாரம் என்று காட்டப்படுவது சிண்ட்லிங்கர் என்ற நிறுவனம் எடுத்த கணிப்பு. அதில் ரேடியோ கேட்டவர்கள் 300 பேர்கூட இல்லை. அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. அந்த வருஷம் அமெரிக்காவில் பத்து வீட்டில் ஏறக்குறைய ஒன்பதில் டிவி வந்துவிட்டது. டிவி இல்லாமல் ரேடியோவோடு இருந்த வீடுகளில் பல ஒதுக்குப்புற கிராமங்களில், புராட்டஸ்டன்ட் குடும்பங்களாக இருந்தவை. கத்தோலிக்கரான கென்னடியை அவர்கள் விவாதத்துக்கு முன்பே ஏற்கவில்லை என்றால், காதில் கேட்டதா கண்ணில் கண்டதா என்ற ஆராய்ச்சி எதற்கு? இது தெரிந்த பிறகு கதை சொல்வதை விட்டுவிட்டேன். கைதட்டு போனதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அதற்குப் பதில் 1976-ஐச் சொல்கிறேன். கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கமே இல்லை என்று விவாத மேடையில் அப்போதைய ஜனாதிபதி ஜெரால்டு ஃபோர்டு உளறினார். அன்று ராத்திரியே கேட்டபோது ஃபோர்டு நன்றாகப் பேசினார் என்றவர்கள் அதிகம். மறுநாள் பத்திரிகையும் டிவியும் அந்த ஒரு வாக்கியத்தையே அரைத்த பிறகு கேட்டால் எதிரே நின்ற கார்ட்டர்தான் ஜெயித்தார் என்று எல்லாம் தலைகீழ். ஆகவே ஒரு கணிப்பைப் பார்த்தால், எத்தனை பேரிடம் என்பதோடு எத்தனை மணிக்குக் கேட்டார்கள் என்றும் பாருங்கள்.

வாசகர், குந்தா: எங்கள் டீக்கடையில் பத்து பேரைக் கேட்டால் போதாதா, ஊர் நிலவரம் தெரிந்துவிடாதா?

காலை 11 மணிக்கு டீக்கடையில் யார் இருப்பார்கள்? பென்ஷன்காரர்கள், டிரைவர்கள், அப்புறம் என்னைப் போல் வெட்டியாக இருப்பவர்கள். ஊரில் பாதிப் பேர், அதிலும் பெண்கள், அப்போது சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டு இருப்பார்கள். இலை வண்டி போன பிறகு ஆறு மணிக்கு வீட்டில் கேட்டால் வேறு ஊர்.

என் தப்பு ஒன்றையும் எழுதிவிடுகிறேன். ஒரு வருஷம் ஆடி மழையில், அட்டவணை சொன்ன தோட்டத்துக்கு ஒற்றையடிப் பாதையில் அட்டைக்கடியோடு இரண்டு கிலோமீட்டர் இறங்க வேண்டியிருந்தது. சோம்பல்பட்டு ரோட்டோரத் துண்டு ஒன்றில் கயிறு கட்டிவிட்டேன். விளைச்சல் அமோகம். பிறகுதான் உறைத்தது. லாரி வந்து எரு இறக்கும் இடம் அது. பள்ளத்துத் தோட்டத்துக்கு ஒவ்வொரு கூடையும் தலைச்சுமையாக இறங்க வேண்டும். நான் யாருக்கும் பாரபட்சம் காட்டவில்லை, கால் வலிக்குத்தான் பயந்தேன். கணக்கு என்னவோ ரோட்டோரக்காரர் பக்கம் சாய்ந்துவிட்டது.

தேயிலைத் தோட்டத் தொழிலாளி, பந்தலூர்: எங்கள் தாத்தா சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் மலையகத்திலிருந்து வந்தவர். உறவுக்காரர்கள் இன்னும் அட்டனில் இருக்கிறார்கள். இலங்கை ஜனாதிபதி தேர்தலுக்கும் இதே கணக்குதானா?

கூடுதலாக ஒரு முடிச்சு உண்டு தம்பி. அங்கே வாக்காளர் இரண்டாவது, மூன்றாவது விருப்பமும் போடலாம். 2024-இல் அநுர குமார திசாநாயக்கவுக்கு முதல் எண்ணிக்கையில் 42 சதவீதம்தான். பாதியைத் தாண்டாததால் அந்நாட்டு வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பத்தை எண்ணி முடிவு சொன்னார்கள். அங்கே கணிப்பு எடுப்பவர் "உங்கள் ஆள் தோற்றால் அடுத்தது யார்?" என்றும் கேட்டாக வேண்டும்.

வாசகி, கூடலூர்: நம் நாட்டு எக்சிட் போல்?

கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்து அரை மணி நேரம் ஆகும் வரை வெளியிடக் கூடாது என்று சட்டம். 2024 மக்களவைத் தேர்தலில் பெரும்பாலானவை தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் கொடுத்தன. வந்தது 293. இன்னும் அரை மணி நேரம் பொறுத்திருக்கலாம்.

அரசு ஊழியர், கோத்தகிரி: கேட்டால் மக்கள் உண்மை சொல்வார்களா?

2016-இல் டிரம்ப் ஜெயித்தபோது, வெட்கப்பட்டு மறைத்த வாக்காளர்கள்தான் கணிப்புகளைக் கவிழ்த்தார்கள் என்றார்கள். அமெரிக்கக் கணிப்பாளர் சங்கமே உட்கார்ந்து ஆராய்ந்தபோது அதற்குப் பெரிதாக ஆதாரம் கிடைக்கவில்லை. கடைசி வாரத்தில் முடிவெடுத்தவர்கள் பலர். கணிப்புக்குப் பதில் சொன்னவர்களில் பட்டதாரிகள் கூடுதலாக இருந்தும் பல மாநிலக் கணிப்புகள் அதைச் சரிக்கட்டவில்லை. இவைதான் பெரிய காரணங்கள். ஆக, ஜனங்கள் பொய் சொன்னார்கள் என்று சுலபமாகத் தப்பித்துக்கொள்ள முடியாது.

ஆனால் கேட்கிறவர் கழுத்தில் அரசு அடையாள அட்டை தொங்கினால் சமாசாரம் வேறு. ஓர் ஊரில் ரேஷன் அரிசியைப் பற்றிக் கேட்டு எழுதும் வேலை. வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டி என் முகத்தைப் பார்க்கவில்லை, அட்டையைத்தான் பார்த்தார். "நல்லா இருக்குது சாமி, ஒரு குறையும் இல்ல." 'நன்று' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். நோட்டை மூடி, அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். பாட்டி டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "எழுதி முடிச்சாச்சா?" என்றார். முடிச்சாச்சு என்றேன். உள்ளே போய் முறத்தில் அரிசியைப் பரப்பி எடுத்துவந்து வெயிலில் வைத்தார். அப்புறம் எனக்கும் ஒரு மணையை நகர்த்திப் போட்டார். டீ ஆறும் வரை இரண்டு பேரும் கல் பொறுக்கினோம். மேலே போன படிவத்தில் 'நன்று' என்றுதான் இருந்தது.