சுற்றாடல் துறையில் முதுமாணி செய்தால் யாழ்ப்பாணத்தில் எதை ஆய்வு செய்யலாம்?

தண்ணீரை எடுங்கள் என்பேன். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயத்துக்குப் போடும் யூரியாவும் மலசலகூடக் குழிக் கசிவும் கல்லின் வெடிப்புகள் வழியே கிணற்றுக்குப் போய்விடுகின்றன. இவை இரண்டிலிருந்தும் தண்ணீரில் சேர்வது நைத்திரேற்று. குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய கிணறுகள் இங்கே உண்டு. கைக்குழந்தைக்குப் பால்மா கரைப்பதும் அந்தத் தண்ணீரில்தான் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

ஒரே கிணற்றில் மாரியிலும் கோடையிலும் மாதிரி எடுத்துப் பாருங்கள். அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருக்கும் உவர்நீர் மேலேறும், அதையும் சேர்த்து அளக்கலாம். படிப்புக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தையும் பாருங்கள். ஆனால் மேற்பார்வையாளர் நிலத்தடிநீர் தெரிந்தவரா என்று முதலில் விசாரியுங்கள்.