கோளாறு பெடலில் இல்லை, வயரில்

கேள்வி: என்னிடம் எலெக்ட்ரிக் கிட்டார் இருக்கிறது. ஞாயிறு ஆராதனையில் வாசிக்கிறேன். கிட்டார் சத்தத்தை மாற்றும் பெடல் பெட்டி வாங்க இப்போது வசதி இல்லை. அதனால் ஆண்ட்ராய்டு போனில் ஒரு கிட்டார் ஆப் போட்டு, ஆன்லைனில் 450 ரூபாய்க்கு வாங்கிய வயரை ஹெட்போன் ஓட்டையில் செருகி, புளூடூத் ஹெட்போனில் கேட்டுப் பழகுகிறேன். ஆப்பில் உள்ள, சத்தத்தைக் கரகரப்பாக்கும் பச்சை நிற ஓவர்டிரைவ் பெடலைப் போட்டால் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. கரகரப்பைக் கூட்டும் ‘டிரைவ்’ குமிழை ஏற்றினால் தேனீக் கூட்டைக் கலைத்த இரைச்சல். தந்தியை மீட்டியபின் சத்தம் பிந்தி வருகிறது. வயர் விற்றவரைக் கேட்டால், “ஆப்பில் பிரீமியம் போடுங்கள், என்னிடம் பிரீசெட் பேக்கும் இருக்கிறது” என்கிறார். வாங்கலாமா? இல்லை, நிஜப் பெடலே வாங்கிவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம், இப்போதைக்கு மூன்றாவதும் வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்று கோளாறுகளில் ஒன்றுகூட அந்தப் பச்சைப் பெடலுடையது அல்ல. சத்தம் போனுக்குள் நுழையும் வாசலும் வெளியே வரும் வாசலும் கெட்டிருக்கின்றன. நடுவில் இருக்கும் பெடல் பாவம், வந்ததை வைத்துச் சமைக்கிறது.

எந்த ஆப்பைத் திறந்தாலும் மூன்று குமிழோடு பச்சையாக ஒன்று இருக்கும். ஜப்பானின் ஐபனேஸ் கம்பெனி 1970களின் கடைசியில் கொண்டுவந்த டியூப் ஸ்கிரீமர் என்ற பெடலின் நகல் அது. பெயரைப் போட்டால் வழக்கு வரும் என்று பெயரை மாற்றிவிட்டு, நிறத்தை மட்டும் விட்டுவைத்திருப்பார்கள். அசல் பெட்டிக்குள் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. 4558 என்ற எட்டுக்கால் சிப், இரண்டு டையோடு, கொஞ்சம் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர். கிட்டாரிலிருந்து வரும் அலையை அது பெருக்கும், டிரைவை முழுக்கத் திருப்பினால் நூறு மடங்குக்கும் மேல். பெருகிய அலையின் தலை ஓர் அளவைத் தாண்டும்போது டையோடுகள் அதை அமுக்கும். கத்தியால் சீவுவதுபோல் இல்லாமல் உள்ளங்கையால் அழுத்துவதுபோல். 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக அது பெருக்குவது குறைந்துகொண்டே வரும். அதனால்தான் பேஸ் அடங்கி, நடுச் சத்தம் மூக்கால் பாடுவதுபோல் துருத்திக்கொண்டு வருகிறது.

இதைக் கணக்காக எழுதுவது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. சர்க்யூட் படம் ஊருக்கே தெரியும். நொடிக்கு 48,000 தடவை அந்தக் கணக்கைப் போட வேண்டும். நீங்கள் விளையாடும் வீடியோ கேமுக்கு உங்கள் போன் போடும் கணக்கோடு பார்த்தால் இது தூசு. ஆகவே இலவச ஆப்பின் பச்சைப் பெடலுக்கும் காசு கொடுத்த பச்சைப் பெடலுக்கும் நீங்கள் நினைக்கிற அளவு தூரம் இல்லை.

உண்மையான வித்தியாசம் ஒன்று உண்டு. அலையை அமுக்கும்போது புதிதாக மேல் சுரங்கள் பிறக்கும். 48,000 கணக்கில் 24,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இடமில்லை. இடம் கிடைக்காத சுரங்கள் மடங்கிக் கீழே வந்து, பாட்டுக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். நான் இவற்றைக் கள்ளச் சுரம் என்பேன். சோதிப்பது சுலபம். டிரைவை முழுக்க வைத்து, முதல் தந்தியில் பன்னிரண்டாம் கட்டத்தை அழுத்தி, மெதுவாக மேலே வளையுங்கள். சுரம் ஏறும்போது அடியில் எதுவோ மெல்லியதாக இறங்கினால் அதுதான் கள்ளச் சுரம். செட்டிங்ஸில் ‘ஓவர்சாம்பிளிங்’ அல்லது ‘ஹை குவாலிட்டி’ என்று இருப்பதை ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் வேறு ஆப் பாருங்கள்.

சரி, வயருக்கு வருவோம்.

தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் கிட்டார் பிக்கப் சிற்றூற்று மாதிரி. சிரட்டையால் மொண்டால் நாள் முழுக்கத் தெளிந்த தண்ணீர் கொடுக்கும். மோட்டார் வைத்து இழுத்தால் சேறுதான் வரும். கிட்டாருக்கென்று செய்த வாசல் பத்து லட்சம் ஓம் தடை காட்டும், அதாவது கொஞ்சமாகத்தான் மொள்ளும். போனின் ஹெட்போன் ஓட்டையில் உள்ள மைக் வாசலோ சில ஆயிரம் ஓம்தான். ஹெட்செட் மைக்குக்காகக் கட்டிய வாசல் அது. கிட்டாரை நேரே அதில் செருகினால் முதலில் போவது கூர்மையான மேல் சத்தம், உங்கள் போர்வை அதுதான். போர்வையை விலக்க நீங்கள் டிரைவைக் கூட்டுகிறீர்கள், சத்தத்தோடு இரைச்சலும் நூறு மடங்காகிறது. தேனீயும் வந்தாயிற்று. இதோடு, அதே செருகியில் ஹெட்போனுக்குப் போகும் சத்தமும் மைக்குக்கு வரும் சத்தமும் ஒரே தரைக்கம்பியைப் பங்கு போடுகின்றன. வெளியே போவது கொஞ்சம் உள்ளே கசியும். வயர் ஹெட்போன் மாட்டி டிரைவை ஏற்றினால் ‘கீ’ என்று கூவுவதற்கு அதுதான் காரணம்.

உங்கள் வயருக்குள் ஏதாவது இருக்கிறதா, வெறும் கம்பிதானா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். கிட்டாரைச் செருகிவிட்டு, போனில் ஏதாவது ஒரு பாட்டை ஓட விடுங்கள். கிட்டாரின் வால்யூம் குமிழை மெதுவாகச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். பாட்டு தானாக நின்றாலோ, ‘என்ன உதவி வேண்டும்’ என்று போன் கேட்டாலோ, உங்கள் 450 ரூபாய் வெறும் கம்பிக்குப் போயிற்று. வால்யூம் சுழியத்தில் கிட்டார் தன் இரண்டு முனைகளையும் ஒட்டிவைத்துவிடும். ஹெட்செட்டில் பட்டனை அழுத்தும்போது நடப்பதும் அதேதான். போன் நீங்கள் பட்டனை அழுத்தியதாக நினைத்துக்கொள்கிறது. நான் ஒரு காலத்தில் இதே மாதிரி வயரை ஒரு கடையில் வாங்கி, “ஸ்டுடியோ குவாலிட்டி சார்” என்று அவர் சொன்னதை நம்பி, ஒரு வாரம் ஆப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு வெட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு ரெசிஸ்டர்கூட இல்லை.

ஒரே ஒரு விலக்கு சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சண்டைக்கு வருவார்கள். கிட்டாருக்குள் பேட்டரி போட்ட பிரீஆம்ப், அதாவது சத்தத்தை முன்கூட்டியே பலப்படுத்தும் சர்க்யூட், இருந்தால் நான் சொன்ன ஊற்றுக் கதை பொருந்தாது. எலெக்ட்ரோ அக்கூஸ்டிக் கிட்டாரில் பக்கவாட்டில் குமிழ்களோடு ஒரு சின்னப் பெட்டி இருக்குமே, அதுதான். அது ஊற்றுக்குப் பக்கத்தில் கட்டிய தொட்டி. எவ்வளவு இழுத்தாலும் தாங்கும். ஆனால் பேட்டரியில் உயிர் இருக்க வேண்டும், செத்த பேட்டரியோடு அது இருந்தும் இல்லாததுதான். பிரீஆம்ப் இல்லாமல் அடியில் பீசோ என்ற அதிர்வுணர் வில்லை மட்டும் ஒட்டிய கிட்டார் என்றால் நிலைமை எலெக்ட்ரிக்கைவிட மோசம். அதேபோல வழியில் பாஸ் (Boss) கம்பெனியின் பெடல் ஒன்று இருந்தால், அது ஆஃபில் இருந்தாலும் கரன்ட் இருக்கும் வரை அந்தத் தொட்டி வேலையைச் செய்யும். ‘ட்ரூ பைபாஸ்’ என்று எழுதிய பெடல் ஆஃபில் இருந்தால் செய்யாது. தொட்டி இருந்தாலும் ஒட்டுத் தரைக்கம்பியின் கசிவு போகாது. இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: எலெக்ட்ரோ அக்கூஸ்டிக்கில் யார் ஓவர்டிரைவ் போடப்போகிறார்கள்? உங்களுடையது சாதா எலெக்ட்ரிக். உங்களுக்கு விலக்கு இல்லை.

அடுத்தது பிந்தி வருவது. இதில் பேச்சுக்கே இடமில்லை, புளூடூத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். சாதாரண புளூடூத் ஹெட்போன் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 200 மில்லி நொடி எடுத்துக்கொள்ளும். காற்றில் சத்தம் ஒரு மில்லி நொடிக்கு 34 சென்டிமீட்டர்தான் போகும். அந்தக் கணக்கில் உங்கள் ஆம்ப்ளிஃபயரைத் தெருமுனையில், கிட்டத்தட்ட 70 மீட்டர் தள்ளி வைத்துவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்து வாசிக்கிறீர்கள். எந்த பிரீமியம் அதைப் பக்கத்தில் கொண்டுவரும்? வயர் போட்டு மொத்தம் 10 மில்லி நொடிக்குள் கொண்டுவந்தால் ஆம்ப் மூன்றரை மீட்டர் தள்ளி நிற்பதுபோல. மேடையில் அது வழக்கமான தூரம்தான்.

ஆண்ட்ராய்டில் இந்தப் பத்தை எட்டுவது போனைப் பொறுத்தது. இங்கேதான் எனக்கு எரிச்சல் வரும். பெட்டி மேல் கேமரா எத்தனை மெகாபிக்ஸல் என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். சத்தம் உள்ளே போய் வெளியே வர எத்தனை மில்லி நொடி என்று எங்கேயும் இருக்காது. கூகுள் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. 2014இல் வந்த 5.0 பதிப்பிலிருந்து யுஎஸ்பி ஆடியோ, 2017இல் வந்த 8.0இலிருந்து வேகமான ஆடியோ வழி எல்லாம் கொடுத்திருக்கிறது. சத்தம் வேகமாகப் போய்வரும் போனுக்கு ‘ஆடியோ புரோ’ என்று ஓர் அடையாளமும் வைத்திருக்கிறது. அந்த அடையாளம் போனின் வயிற்றுக்குள் கிடக்கும், கடைக்காரருக்கும் தெரியாது, விளம்பரத்திலும் வராது. ‘ஓபோ டெஸ்டர்’ (OboeTester) என்ற ஆப்பில் நாமே அளந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆப்பிளிலும் வேறு மாதிரித் தொல்லை. 2016இல் ஹெட்போன் ஓட்டையை எடுத்தார்கள், 2023இல் சார்ஜர் ஓட்டையை மாற்றினார்கள். இடையில் இருந்தவன் கிட்டார் செருக, கேமராவுக்கென்று பெயர் போட்ட அடாப்டரை வாங்கினான். ஆனாலும் வேகத்தில் ஐபோன்காரர் அழவேண்டியதில்லை. இலவசமாக வரும் கராஜ்பேண்டிலேயே ஆம்பும் பெடல்களும் இருக்கின்றன.

ஆக, நீங்கள் வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று: கிட்டார் சத்தத்தை வாங்கிப் போனுக்குக் கொடுத்து, திரும்ப வெளியே கொண்டுவரும் ஒரு சின்ன யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி. பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. மூன்று விஷயம் பாருங்கள். கிட்டார் செருகுமிடத்தில் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ என்று எழுதியிருக்க வேண்டும், அல்லது அதற்கொரு சுவிட்ச் இருக்க வேண்டும். ஹெட்போன் அந்தப் பெட்டியிலேயே செருக வேண்டும். போனில் டிரைவர் போடாமல் ஓட வேண்டும். “டிரைவர் சிடி தருகிறேன்” என்று விற்பவர் சொன்னால் நன்றி சொல்லி நடையைக் கட்டுங்கள். கலர் விளக்கு மின்ன, கைதட்டும் சத்தத்துக்குத் தனிப் பட்டனோடு வரும் கரோக்கி சவுண்ட் கார்டை இன்டர்ஃபேஸ் என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது மைக்குக்கான பெட்டி, உங்கள் ஊற்று அங்கேயும் வற்றும். உங்கள் போனையும், போனில் யுஎஸ்பி சாதனத்தை மாட்ட உதவும் ஓடிஜி வயரையும் கையில் கொண்டுபோய், செருகி, சத்தம் வந்த பிறகு காசைக் கொடுங்கள்.

செருகியபின் ஆப்பில் 48,000 என்று வையுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களின் இயல்பான வேகம் அதுதான். 44,100 வைத்தால் போன் நடுவில் கணக்கை மாற்றிக்கொண்டு மெதுவாகிவிடும். பஃபர், அதாவது போன் ஒரு தடவைக்குச் சேர்த்துவைக்கும் சத்தத் துண்டின் அளவு, 256இல் தொடங்குங்கள், அது ஒரு பக்கத்துக்கு 5 மில்லி நொடி சொச்சம். சத்தம் உடையாமல் ஓடினால் 128. பொரிகிற சத்தம் வந்தால் திரும்ப 256. வாசிக்கும்போது சார்ஜர் வேண்டாம், அதன் இரைச்சலையும் பெடல் நூறால் பெருக்கும்.

பிரீசெட் பேக் விற்பவரைப் பற்றி ஒரு வார்த்தை. பிரீசெட் என்றால் குமிழ்கள் எந்த எண்ணில் நிற்கின்றன என்ற பட்டியல். வேறொருவர் கிட்டாருக்கு, வேறொருவர் கைக்கு, வேறொருவர் ஹெட்போனுக்கு வைத்தது. “ஐயாயிரம் பிரீசெட், இருநூறு ரூபாய்” என்று வாட்ஸப்பில் வருவதில் பாதி, யாரோ இலவசமாகப் போட்டதை அள்ளிக்கொண்டு வந்தது. அதைவிட மோசம், பிரீமியத்தை உடைத்த ‘மாட்’ ஆப்பை இலவசமாகக் கொடுக்கிறவர். கிட்டார் ஆப்புக்கு மைக் அனுமதி கொடுத்தே ஆகவேண்டும். முகம் தெரியாதவன் பிரித்துக் கட்டிய ஆப்புக்கு, பேங்க் ஆப் இருக்கும் அதே போனில், மைக்கைத் திறந்துவிடுவீர்களா? வாரச் சந்தா ஆப்புகளும் உண்டு. மூன்று நாள் இலவசம் என்று கார்டு நம்பர் வாங்கிக்கொண்டு, நான்காம் நாளிலிருந்து வாராவாரம் கழிப்பார்கள். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோருக்குள் போய்த்தான் நிறுத்த வேண்டும், அந்தப் பட்டனை எங்கே ஒளித்திருக்கிறார்கள் என்று தேடுவதற்குள் அடுத்த வாரம் வந்துவிடும்.

பெடலைப் பயன்படுத்துவதில் ஒரு திருத்தம். டிரைவை முக்கால்வாசிக்கு வைத்து, வெளியே போகும் சத்தத்தின் அளவான ‘லெவலை’க் குறைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான். திருப்பிப் போடுங்கள்: டிரைவ் கால்வாசி, லெவல் முக்கால். இந்தப் பெடல் பின்னால் இருக்கும் ஆம்பைத் தள்ளிவிடவே பெயர் பெற்றது. ஆப்பிலும் அதற்குப் பின்னால் ஓர் ஆம்பையும், அதற்கும் பின்னால் ‘கேப்’ என்று காட்டும் ஸ்பீக்கர் பெட்டியையும் கட்டாயம் போடுங்கள். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அவ்வளவாகப் பாடாது, ஓவர்டிரைவின் முள் அங்கேதான் மழுங்குகிறது. கேப் இல்லாமல் ஹெட்போனில் கேட்டால் எந்தப் பெடலும், நிஜப் பெடலும்கூட, தேனீதான்.

நிஜப் பெடல் இப்போது வாங்கினாலும் அதை எங்கே செருகுவீர்கள்? உங்களிடம் ஆம்ப் இருப்பதாகக் கடிதத்தில் இல்லை. இன்டர்ஃபேஸ் இருந்தால் பின்னால் வாங்கும் பெடலும் அதே வழியில் போகும்.

ஞாயிற்றுக்கிழமை இன்டர்ஃபேஸிலிருந்து நேரே மிக்ஸருக்குக் கொடுங்கள், கேப் ஆனில் இருக்கட்டும். போனைக் கிட்டார் மேல் ஒட்டவைக்காதீர்கள், பிக்கப்புக்குப் பக்கத்தில் இருந்தால் ‘டட்-டட்-டட்’ என்று அலறும். அப்புறம், ஆராதனை தொடங்கும் முன் ஃபிளைட் மோட் போட்டுவிடுங்கள். மறந்தால் ஜெப நேரத்தில் வரும் போன் கால், உங்கள் ரிங்டோனோடு, சபை முழுக்கக் கேட்கும்.