சிஎன்சி வாங்கும் முன் விண்ணப்பமா, வாங்கிய பிறகா? புதுப் பட்டறைக்கு அரசு மானியம் பெறும் வரிசை

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவன், வயது 36. கோவையில் ஒரு வால்வு கம்பெனியில் 14 ஆண்டுகளாக மெஷின் ஷாப் வேலை. வாடகை ஷெட்டில் சொந்தமாக சிஎன்சி (கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டும் இயந்திரம்) பட்டறை போடப் போகிறேன். இயந்திரங்கள் 56 லட்சம், மின் இணைப்பு, கம்ப்ரசர் லைன் போன்றவற்றுக்கு 9 லட்சம் ஆகும். 25% மானியம் உண்டு என்கிறார்கள். ஒரு இயந்திரத்தைப் பழையதாக வாங்கலாமா? மனைவி பெயரில் தொடங்கினால் கூடுதலாகக் கிடைக்குமா? இயந்திர டீலர் 2 லட்சம் அட்வான்ஸை ரொக்கமாகக் கேட்கிறார். முதலில் எங்கே போக வேண்டும்?

பதில்: டீலரிடம் ஆர்டர் கொடுக்கப் போகாதீர்கள். முதலில் உங்கள் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். அட்வான்ஸ் கொடுப்பதைக் கடன் ஒப்புதல் வரும் வரை தள்ளி வையுங்கள். தமிழ்நாட்டில் மானியத்தை இழப்பவர்களில் பலர் தகுதி இல்லாமல் இழப்பதில்லை, வரிசை தப்பி இழக்கிறார்கள்.

நீங்கள் கேள்விப்பட்ட ‘25%’ ஒரே திட்டம் அல்ல. உங்களுக்குப் பொருந்தக்கூடியவை மூன்று. அவற்றில் இரண்டு, இயந்திரம் வாங்கும் முன் விண்ணப்பிக்க வேண்டியவை. மூன்றாவது, வாங்கி, ஓட்டி, உற்பத்தி தொடங்கிய பிறகு விண்ணப்பிக்க வேண்டியது. இந்த வித்தியாசம் தெரியாமல் ஆர்டர் போட்டுவிட்டால் முதல் இரண்டும் கைநழுவிவிடும்.

முதலாவது மாநில அரசின் ‘நீட்ஸ்’, அதாவது புதிய தொழில் முனைவோர் மற்றும் தொழில் நிறுவன மேம்பாட்டுத் திட்டம். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது. திட்ட மதிப்பு 10 லட்சம் முதல் 5 கோடி வரை இருக்கலாம். திட்ட மதிப்பில் 25% மானியம், உச்சவரம்பு 75 லட்சம். அதோடு கடன் வட்டியில் 3% அரசு ஏற்கும். பொதுப் பிரிவினருக்கு வயது 21 முதல் 45 வரை, சிறப்புப் பிரிவினருக்கு (பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தவர், மாற்றுத்திறனாளிகள் போன்றோர்) 55 வரை. உங்கள் 65 லட்சமும் முழுதாக ஏற்கப்பட்டால் மானியம் 16.25 லட்சம், சொந்தப் பங்கு 10%, அதாவது 6.5 லட்சம். கடன் நிலுவை 40 லட்சமாக இருக்கும் ஆண்டில் வட்டிச் சலுகை மட்டுமே 1.2 லட்சம் வரும்.

இரண்டாவது மத்திய அரசின் பிஎம்இஜிபி, அதாவது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். உற்பத்தித் தொழிலுக்குத் திட்ட மதிப்பு உச்சவரம்பு 50 லட்சம். பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15%, கிராமப்புறத்தில் 25%. சிறப்புப் பிரிவினருக்கு 25%, 35%. உங்கள் திட்டம் 65 லட்சம் என்பதால் இது உங்களுக்கு இறுக்கமான சட்டை. இதற்காக இரண்டு இயந்திரத்தை ஒன்றாகக் குறைத்து, பிறகு ஆர்டர் வந்து முடிக்க முடியாமல் திணறுவது புத்திசாலித்தனம் அல்ல.

மூன்றாவது, மாநில அரசின் முதலீட்டு மானியம். குறு உற்பத்தி நிறுவனம் மாநிலத்தில் எங்கே இருந்தாலும், தகுதியுள்ள இயந்திர மதிப்பில் 25%, உச்சவரம்பு 1.5 கோடி. உங்கள் 56 லட்சத்துக்கு 14 லட்சம். நிலம், கட்டடம், மேஜை நாற்காலி எதுவும் இதில் சேராது. உற்பத்தி தொடங்கிய பிறகு விண்ணப்பிப்பதால், மற்ற இரண்டும் கிடைக்காதவர்களுக்கு இது நல்ல வழி. ஆனால் ஒரே இயந்திரத்துக்கு இரண்டு திட்டத்தில் மானியம் வாங்க முடியாது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

என் பரிந்துரை நீட்ஸ். வட்டிச் சலுகையும் சேர்வதால் மொத்தப் பலன் அதிகம். நீங்கள் பட்டியல் இனத்தவர் அல்லது பழங்குடியினர் என்றால் இதைவிட நல்லது உண்டு: அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35% மானியம், 1.5 கோடி வரை, 6% வட்டிச் சலுகை. அப்படியானால் தொழில் மையத்தில் நேராக அதைப் பற்றியே கேளுங்கள்.

இனி வரிசை. கொட்டேஷன் வாங்குங்கள், ஆர்டர் போடாதீர்கள். கொட்டேஷனில் இயந்திரத்தின் மாடல் எண், கூடுதல் பாகங்கள், ஜிஎஸ்டி தனித்தனியாக இருக்கட்டும். அதை வைத்துத் திட்ட அறிக்கை, பிறகு இணையத்தில் விண்ணப்பம், தொழில் மையத் தேர்வு, வங்கியின் கடன் ஒப்புதல், தொழில்முனைவோர் பயிற்சி. அதற்குப் பிறகுதான் ஆர்டர். நீட்ஸ் கடனைத் தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகமும் தருகிறது. உங்கள் வங்கி மேலாளர் சிஎன்சி பட்டறைக்குக் கடன் கொடுத்துப் பழக்கமில்லாதவர் என்றால் கழகத்தின் கிளையையும் பாருங்கள். அடமானச் சொத்து இல்லை என்றால் சிஜிடிஎம்எஸ்இ கடன் உத்தரவாதம் (அடமானம் இல்லாத சிறுதொழில் கடனுக்கு வங்கிக்குத் தரப்படும் உத்தரவாதம்) பற்றி வங்கியில் வாய்திறந்து கேளுங்கள். 2025 ஏப்ரல் முதல் அதன் வரம்பு 10 கோடி.

ஒரு பொறியைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஆர்வத்தில் பலர் முதல் வேலையாக ஜிஎஸ்டி எண் வாங்கி, உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பதிவு செய்து, நண்பரின் பட்டறையில் வேலை செய்துகொடுத்து இரண்டு பில்லும் போட்டுவிடுகிறார்கள். நீட்ஸும் பிஎம்இஜிபியும் புதிய தொழிலுக்கு மட்டுமே. விற்பனைக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும் நிறுவனம் ‘ஏற்கெனவே உள்ள தொழில்’ ஆகிவிடும். உத்யம் பதிவு இலவசம், சில நிமிடங்களில் முடிவது. அதற்கு அவசரமே இல்லை. பணம் கேட்கும் இணையதளங்களில் சிக்காதீர்கள்.

பழைய இயந்திரம் பற்றி: மானியம் புதிய இயந்திரத்துக்கு மட்டுமே. பழைய சிஎன்சி ஒன்று உங்கள் கைக்கு நன்றாக அமையலாம், ஆனால் அதைத் திட்ட அறிக்கையில் சேர்க்காமல் பிறகு சொந்தப் பணத்தில் வாங்குங்கள். கள ஆய்வுக்கு வருபவர் இயந்திரத்தின் பின்பக்கம் போய், உலோகத் தகட்டில் உள்ள சீரியல் எண்ணையும் உற்பத்தி ஆண்டையும் பில்லோடு ஒப்பிடுவார். பில்லில் ஒரு மாடல், கொட்டேஷனில் வேறு மாடல், தகட்டில் மூன்றாவது எண் என்று இருந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். பில்லில் டெலிவரி முகவரி உங்கள் வீடு அல்ல, ஷெட் முகவரியாக இருக்க வேண்டும். இயந்திரம் வந்து இறங்கிய அன்றே அந்தத் தகட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயும் பெயின்டும் ஏறிய பிறகு படிக்க முடியாது.

ரொக்க அட்வான்ஸ் வேண்டவே வேண்டாம். ஒப்புதலுக்கு முன் கொடுத்த பணம் திட்டச் செலவில் சேராமல் போகும். ரொக்கத்துக்கு ஆதாரமும் நிற்காது. வருமான வரியிலும் அடி உண்டு: ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்து வாங்கிய சொத்தில், அந்தத் தொகைக்குத் தேய்மானம் (இயந்திரம் தேய்வதற்காக ஆண்டுதோறும் வரிக் கணக்கில் கழிக்கும் தொகை) கிடையாது. 2 லட்சம் ரொக்கமாக வாங்குகிறவருக்கும் அதே அளவு அபராதம் விழலாம் என்று டீலரிடம் சொல்லுங்கள், அவரே வங்கிக் கணக்கு எண் தருவார்.

மனைவி பெயரில் தொடங்கினால் சிறப்புப் பிரிவில் சேரும், சொந்தப் பங்கு 5% ஆகக் குறையும். நீட்ஸில் மானிய விகிதம் அதே 25% தான். 3.25 லட்சம் குறைவாகப் போடுவதற்காக இதைச் செய்யாதீர்கள். நேர்காணலில் டாலரன்ஸ் (பாகத்தின் அளவில் அனுமதிக்கப்படும் வித்தியாசம்) என்ன, யாருக்கு விற்பீர்கள் என்று அவரிடம்தான் கேட்பார்கள். கடனுக்குக் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்பவரும் அவரே. அவர் உண்மையிலேயே தொழிலை நடத்தப் போகிறார் என்றால் தாராளமாகச் செய்யலாம்.

மானியப் பணம் எப்போது வரும் என்பதில்தான் பெரிய ஏமாற்றம் நிகழ்கிறது. அது உங்கள் கைக்கு வராது, கடன் கணக்கோடுதான் சேரும். பிஎம்இஜிபியில் மூன்று ஆண்டுகள் வங்கியில் வைப்பாக நிற்கும். அந்தத் தொகைக்கு வட்டி தரமாட்டார்கள், அந்த அளவு கடனுக்கு வட்டி வாங்கவும் மாட்டார்கள். முதலீட்டு மானியம் உற்பத்தி தொடங்கி, ஆய்வு முடிந்து, நிதி ஒதுக்கீடு வந்த பிறகே. ஆகவே மானியத்தை நம்பி ஷெட் வாடகையும் சம்பளமும் கணக்குப் போடக் கூடாது. இதோடு ஜிஎஸ்டியையும் சேர்த்துப் பாருங்கள்: 56 லட்சம் இயந்திரத்துக்கு 18% என்றால் 10.08 லட்சம். உள்ளீட்டு வரியாக அது திரும்பும், ஆனால் மாதாமாதம் உங்கள் விற்பனை வரியில் கழிந்து கழிந்துதான். அந்தப் பத்து லட்சத்துக்கு வழி செய்யாமல் தொடங்கும் பட்டறைகள் மூன்றாம் மாதத்திலேயே கம்பி வாங்கப் பணமில்லாமல் நிற்கின்றன. நடைமுறை மூலதனக் கடனைத் தனியாகக் கேளுங்கள்.

ஆடிட்டரிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள். இயந்திரத்துக்கு மானியம் வந்தால் அந்தத் தொகையை இயந்திர விலையில் கழித்துத்தான் தேய்மானம் போட வேண்டும். 56 லட்சத்தில் 14 லட்சம் மானியம் என்றால் 42 லட்சத்துக்கு 15%, அதாவது முழு ஆண்டுக்கு 6.3 லட்சம். 8.4 லட்சம் போட்டால் பிறகு நோட்டீஸ் வரும்.

பெரிய கம்பெனிகளுக்குத் தருவதுபோல மாநில வரித் தள்ளுபடி கிடைக்குமா என்று பலர் கேட்பதுண்டு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு விற்பனை வரியையே விட்டுவிடும் பழைய முறை இல்லை. வரியைக் கட்டிய பிறகு மாநிலப் பங்கைத் திருப்பித் தருவதுதான் வழி, அதுவும் பெரிய முதலீடுகளுக்கான தனித் தொகுப்பில். உங்கள் அளவுக்கு அது பொருந்தாது.

பொருந்துவது, பலர் கேட்காமலே விட்டுவிடுவது, மின்கட்டண மானியம். குறைந்தழுத்த மின் இணைப்பில் 20%, 36 மாதங்களுக்கு. உற்பத்தி தொடங்கிய நாள், மின் இணைப்பு பெற்ற நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து எண்ணுவார்கள். மாதம் 40,000 ரூபாய் கட்டுகிறீர்கள் என்றால் 8,000 வீதம் மொத்தம் 2.88 லட்சம். நீங்கள் வாடகை ஷெட் என்பதால் கவனியுங்கள்: மின் இணைப்பு ஷெட் உரிமையாளர் பெயரிலேயே கிடந்தால் பிறகு சிக்கல். வாடகை ஒப்பந்தம் எழுதும்போதே இணைப்பை நிறுவனத்தின் பெயருக்கு மாற்ற உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். முதல் மாதத்திலிருந்தே கட்டண ரசீதுகளையும், உற்பத்தி தொடங்கியதைக் காட்டும் முதல் விற்பனை பில்லையும் ஒரே கோப்பில் சேருங்கள்.

தொழில் மையத்துக்குப் போகும்போது டிப்ளமோ சான்று, வயதுச் சான்று, ஆதார், இருப்பிடச் சான்று, கொட்டேஷன், ஷெட் ஒப்பந்தத்தின் வரைவு இவற்றோடு போங்கள். நீட்ஸுக்கு மூன்று ஆண்டுகள் தமிழ்நாட்டில் வசித்ததைக் காட்ட வேண்டும். உங்கள் பழைய கம்பெனியோ வேறு யாரோ வேலை தருவதாக எழுதிக் கொடுத்த கடிதம் இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். வங்கியில் திட்ட அறிக்கையின் நாற்பது பக்கங்களைவிட அந்த ஒரு தாளைத்தான் முதலில் படிப்பார்கள்.