பல வருடம் பைக் ஓட்டியவர்கள் ஏன் மூன்று சக்கர மோட்டார் சைக்கிளுக்கு மாறுகிறார்கள்?

பயம் வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் முழங்காலும் இடுப்பும்தான். ஓடும்போது பைக் தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும். நிற்கும்போதுதான் எடை முழுவதும் நம் காலைத் தேடி வரும். ஹோண்டா கோல்டு விங் போன்ற நெடுந்தூர வண்டி 350 கிலோவைத் தாண்டும். சரளைக் கல்லில் ஒரு கால் வழுக்கினால் போதும், தாங்கிப் பிடிக்கவே முடியாது. மூட்டு மாற்றியவர்களுக்கும் பின்னால் துணையை ஏற்றிச் செல்பவர்களுக்கும் இந்தக் கவலை இன்னும் அதிகம். சாயாத மூன்று சக்கர வண்டியோ கால் ஊன்றாமலே நிற்கும்.

சரி, மாறினால் எல்லாம் சுலபமா? இல்லை. ஓட்டும் முறையே வேறு. பைக்கில் வலப்பக்கம் சாய, வலது கைப்பிடியை முன்னால் தள்ளுவோம். சாயாத மூன்று சக்கர வண்டியில் பழக்கதோஷத்தில் அப்படித் தள்ளினால் அது இடப்பக்கம் போகும்! வளைவில் உடலும் வெளிப்பக்கமாக இழுபடும்.

சாயும் சுகத்தை விட மனமில்லாதவர்களுக்கு, முன்னால் இரண்டு சக்கரத்தோடு சாயும் வண்டிகளும் இருக்கின்றன: 2006இல் வந்த பியாஜியோ எம்பி3, அப்புறம் யமஹா நிகென். ஆனால் நிகெனை நிறுத்தினால் கால் ஊன்றித்தான் ஆகவேண்டும். முழங்கால் வலிக்காக மாறுபவர்கள் இதை வாங்கும் முன்பே கவனியுங்கள்.